கைப்பக்குவமும் ஒரு சொத்து

இடம்பெயர்ந்தபோது காணியை விட்டு வந்தோம். கிணற்றையும் ஆடு மாடுகளையும் விட்டு வந்தோம். எம்மோடு கூடவே வந்தது எமது கைப்பக்குவம். கறித்தூளுக்கு மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, எதை எந்தப் பதத்தில் வறுப்பது என்பதெல்லாம் தாய்மாரிடம் கற்றவை. அந்த அறிவை வைத்தே இன்று பல குடும்பங்கள் தூளும் ஊறுகாயும் விற்றுச் சீவிக்கின்றன.

விற்பனை கூடும்போது வீட்டில் இடித்துக் கட்டுப்படியாகாது. மில்லில் கொடுத்து அரைப்பிக்கிறோம். அச்சகத்தில் லேபல் அடிப்பிக்கிறோம். எமது அளவும் எமது பெயரும் பிறர் கைக்குப் போவது அப்போதுதான். நாளைக்கு அதே தூள், அதே பெயரில், வேறொருவரின் சரக்காகக் கடையில் தொங்கினால் நாம் யாரிடம் முறையிடுவது?

இந்தக் கேள்வி பெரிய கம்பனிகளுக்கும் உண்டு. கொக்கா கோலா பானம் 1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்தது. அதைப் போத்தலில் அடைக்கும் வேலை 1899இலேயே வெளியாருக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் செய்முறை கொடுக்கப்படவில்லை. கம்பனி தானே தயாரித்த செறிவான கலவையை அனுப்பும். போத்தலில் அடைப்பவர்கள் சீனி, தண்ணீர், வாயு சேர்த்து நிரப்புவார்கள். வேலை வெளியே போனது. இரகசியம் உள்ளே நின்றது. 1977இல் இந்திய அரசு, பங்குகளைக் குறைக்கும்படியும் தொழில்நுட்ப அறிவைக் கையளிக்கும்படியும் கேட்டபோது, அக்கம்பனி அந்தச் சந்தையையே விட்டு வெளியேறியது. 1993இல்தான் திரும்பி வந்தது. செய்முறைக்கு அவர்கள் கொடுத்த பெறுமதி அவ்வளவு.

எமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வெளிப்படுத்தப்படாத தகவலையும் அது பாதுகாக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. அத்தொழிலில் உள்ளவர்களுக்கு அது பொதுவாகத் தெரிந்திருக்கக் கூடாது. இரகசியமாக இருப்பதால் அதற்கு வியாபாரப் பெறுமதி இருக்க வேண்டும். உரியவர் அதைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதை நன்றாக மனதில் வையுங்கள். மில்காரரிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுப் பின்னர் 'அது என் இரகசியம்' என்றால் வழக்கு நிற்பது கடினம். எமது பொருளை வாங்கிச் சுவைத்து, தன் சொந்த முயற்சியால் ஒருவர் கண்டுபிடித்தால் அதையும் தடுக்க இயலாது.

நாம் செய்யக்கூடியவை

1. பெயரை முதலில் பதியுங்கள். லேபல் அடிப்பதற்கு முன்னரே, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறிக்கு விண்ணப்பியுங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, அது போதாது. விண்ணப்பம் உங்கள் பெயரில் அல்லது உங்கள் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். 'நான் பதிந்து தருகிறேன்' என்று வாங்குபவர் சொன்னால் இணங்க வேண்டாம்.

2. முழுவதையும் ஒரே கையில் கொடுக்க வேண்டாம். மிளகாயையும் மல்லியையும் மில்லில் அரைப்பியுங்கள். சுவையைத் தீர்மானிக்கும் மற்றச் சரக்குகளை வீட்டில் வறுத்து இடித்து, வீட்டிலேயே கலவுங்கள்.

3. சொல்வதற்கு முன் எழுதுங்கள். எவ்வளவு செய்வது, வேறெவருக்கும் அதைச் செய்து கொடுக்கக் கூடாது, வேறு மில்லுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது, வேலை முடிந்த பின்னும் இரகசியம் காக்க வேண்டும் என்பவற்றை எழுதி, சாட்சிகளுடன் இருவரும் கையொப்பமிடுங்கள். ஆளுக்கொரு பிரதி வேண்டும். தொகை பெரிதானால் சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டுங்கள்.

4. லேபலை எண்ணிக் கொடுங்கள். 500 கொடுத்தால் 500க்கும் கணக்குக் கேளுங்கள். பழுதானவற்றைத் திரும்ப வாங்கி எரித்துவிடுங்கள். லேபலின் கணினிப் பிரதியையும் அச்சகத்திடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

5. பனையோலைப் பெட்டியிலோ பாயிலோ புதிய வடிவம் கண்டால், வெளியாருக்கு மாதிரி காட்டுமுன் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இருமுறை புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை காக்கலாம்.

மில்காரரும் அச்சகத்தாரும் எமக்கு வேண்டியவர்களே. அவர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. காணிக்கு உறுதி எழுதும்போது அயலவரைச் சந்தேகித்தா எழுதினோம்? எல்லை தெளிவாக இருந்தால் உறவும் நீடிக்கும். காணிக்கு உறுதி தேடுவது போல, கைப்பக்குவத்துக்கும் ஓர் உறுதி தேடிக்கொள்வோம்.