மிளகாயும் கண்ணீர்ப்புகையும்

கண்டி நகரில் உடவத்தகலை வனத்தை அண்டி வாழ்வோர்க்குக் குரங்குத் தொல்லை புதிதன்று. கொய்யா பழுக்குமுன்னரே அவை கூட்டமாக வந்து சூறையாடிச் செல்கின்றன. செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து மரத்தில் தெளித்தால் அணுகமாட்டா என அயலவர் கூறக் கேட்டு நாமும் ஒரு நாள் அவ்வாறே செய்தோம். அவ்வேளை வீசிய மலைக்காற்று, தெளித்த நீரை நம் கண்களிலேயே கொணர்ந்து சேர்த்தது. குரங்குகளோ மதில்மேல் அமர்ந்து நம் அவதியைப் பார்த்திருந்தன!

மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள காப்சைசின் என்னும் பொருள் உண்மையில் சுடுவதில்லை. சூட்டை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டி, நெருப்புப் பட்டதென மூளையை நம்பச் செய்கிறது. அதனை ஏற்கும் நரம்பு வாயிலை 1997இல் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பறவைகளின் நரம்பு வாயில் காப்சைசினுக்கு இணங்குவதில்லை. ஆதலாற்றான் கிளி மிளகாய்ப் பழத்தை இன்பமாகத் தின்கிறது. குரங்கும் யானையும் நம்மைப் போலவே வருந்துகின்றன.

கண்ணீர்ப்புகையும் இவ்வாறே நரம்பைத் தூண்டுவதாகும். 1928இல் கோர்சன், ஸ்டௌட்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'சீ.எஸ்.' என்பதே இன்று பல நாடுகளிலும் கையாளப்படுகிறது. புகை என்கிறோமேயன்றி, அது மிக நுண்ணிய தூளேயாம். கடுகின் காரத்தை உணரும் நரம்பு வாயிலையே அது தாக்குகிறது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி ஊரடங்கு வேளையில், பேராதனையில் திரண்ட மாணவர்மீது பொலிஸார் கண்ணீர்ப்புகை பிரயோகித்ததை நேயர்கள் மறந்திரார்.

1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை, போர்முறையாக இதனைக் கையாளலாகாதென விலக்குகிறது. உள்நாட்டில் கலகம் அடக்குதற்கோ அனுமதிக்கிறது. பகைவர்மீது எறியலாகாததைச் சொந்தக் குடிகள்மீது எறியலாம் என்னும் இவ்விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. புகை பரவிய பின் அது வழிப்போக்கரையும் குழந்தையையும் வேறுபிரித்து அறிவதில்லை.

எரிச்சல் நேர்ந்தால் செய்யவேண்டியவற்றை யாவரும் அறிந்திருத்தல் நன்று. கண்ணைக் கசக்கலாகாது. காற்றோட்டமான இடத்துக்கு அகன்று, தூய நீரால் நெடுநேரம் கழுவவேண்டும். தூள் படிந்த உடையை உடனே களைதல் வேண்டும். மூச்சுத் திணறுவோரைத் தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். மிளகாய்க் காரம் நீரில் எளிதிற் கரையாது. கையில் எரிந்தால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

நாம் இப்பொழுது மிளகாய்க் கரைசலைக் கைவிட்டுக் கொய்யாவுக்கு வலை கட்டியிருக்கிறோம்.