மலிவு பியானோவில் சுதி ஏன் நிற்பதில்லை?

பழைய மரப் பியானோ சல்லிசாகக் கிடைக்கிறது. அதே காசுக்குப் புது டிஜிட்டலும் வரும். எதை எடுப்பது?

மரப் பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள். மொத்த இழுவிசை 15 முதல் 20 டன்! வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்குகிறது. ஆனால் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அது உப்பிக் கம்பிகளைத் தள்ளும், சுதி ஏறும். காற்று உலர்ந்தால் இறங்கும். இதையாவது ஆளை அழைத்துச் சரிசெய்யலாம். கம்பி சுற்றிய ஆணிகள் மரத்தில் தளர்ந்திருந்தால், சேர்த்த சுதி நிற்காது. விலை குறைவின் ரகசியம் பல நேரம் அதுதான்.

டிஜிட்டலில் கம்பியே இல்லை. கட்டை இறங்கும் வேகத்தை உணரிகள் அளக்க, பதிவான ஒலி அதற்கேற்ற வலுவில் எழும். மரப் பியானோவில் மிதியை அழுத்தியதும் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதிரும்; அந்தச் செழுமை மலிவு டிஜிட்டல் மாடல்களில் குறைவுதான். இருந்தாலும் கற்கும் குழந்தைக்கு என் ஓட்டு டிஜிட்டலுக்கே. ஆனால் அதில் 88 கட்டைகளும், மரப் பியானோவின் சுத்தியலை அசைப்பது போன்ற எடையும் இருக்க வேண்டும்.