படம் சோறு போடுமா?

சென்ற பொங்கல் விழாவில் சிறுவர் ஓவியப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். ரயில்வேயில் கட்டட வரைபடம் போட்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. போட்டி முடிந்ததும் அன்பர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகளை அழைத்து வந்தார். "சார், இவ ஓவியக் கல்லூரியிலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்க இன்ஜினீயர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. படம் சோறு போடுமா?" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. காரணம், இதே கேள்வியை 2002-இல் என் மகனிடம் நானே கேட்டிருக்கிறேன். அவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் படம் வரைவதை அத்தோடு விட்டுவிட்டான். அவனுடைய ஓவிய நோட்டுகள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நம் ஓவியர்கள் வயிற்றுப்பாட்டையும் கலையையும் எப்படிச் சேர்த்து நடத்தினார்கள் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அதில் இரண்டு உதாரணங்களை இங்கே தருகிறேன்.

முதலாவது கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர். குடும்பச் சுமையால் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். 1936-இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர முடிந்தது. பிற்பாடு அதே பள்ளிக்கு முதல்வரானார். நன்றாகத் தேறிய மாணவர்கள்கூடப் பிழைப்பைத் தேடிப் போனதும் தூரிகையை மறந்துவிடுவது அவரை உறுத்தியது. படத்தை வாங்க ஆளில்லை. அழகான கைத்தொழில் பொருளை வாங்க ஆள் உண்டு. அதையே வழியாக்கினார். ஓவியர்கள் கூடிப் பாத்திக் துணிகள் முதலியவற்றைச் செய்து விற்றார்கள். சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசி, துணியைச் சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை நீக்குவதுதான் பாத்திக். கோடு போடத் தெரிந்த கைக்கு அது சுலபமாக வரும். இந்த முயற்சியின் பலனாகச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். நாளில் ஒரு பங்கு கைத்தொழிலுக்கு, மீதி சொந்தக் கலைக்கு என்பது ஏற்பாடு. இன்றும் அந்தக் கிராமத்தைப் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாமவர் நம்மைப் போல் வெளி மாநிலங்களில் வாழ்ந்தவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் பிறந்த கே.ஜி. சுப்ரமண்யன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றதால் கல்லூரிப் படிப்பு தடைப்பட்டது. 1944-இல் சாந்திநிகேதன் சென்று நந்தலால் போஸ் முதலியோரிடம் ஓவியம் கற்றார். 1951-இல் பரோடாவில் ஆசிரியரானார். 1959 முதல் இரண்டு ஆண்டுகள் பம்பாயில் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணி பார்த்தார். பரோடா கல்லூரிச் சந்தைக்காக மரத்தாலும் மணிகளாலும் பொம்மைகள் செய்தார். இதையெல்லாம் அவர் கலைக்குக் குறைவாக நினைக்கவில்லை.

அவர் வேலையை நான் முதலில் பார்த்தது லக்னோவில். சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ரவீந்திராலயா அரங்கின் வெளிச்சுவரில், தாகூரின் நாடகம் ஒன்றை வைத்து 1963-இல் அவர் செய்த சுட்டமண் சித்திரம் சுமார் 80 அடி நீளத்துக்கு ஓடுகிறது. இளம் வயதில் வண்டிக்குக் காத்திருந்தபோது போய் நின்றேன். களிமண் காய்ந்து வெந்து வரும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பெரிய பலகையாகச் செய்தால் கோணிக்கொள்ளும், வெடிக்கும். ஆகவே ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகச் செய்து, சுட்டு, சுவரில் பொருத்தியிருக்கிறார். குயவர் தொழில் அறியாத ஓவியரால் இது ஆகாது. கைத்தொழில் அவருக்குச் சோறு மட்டும் போடவில்லை, கலையையும் வளர்த்தது. 2012-இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 2016-இல் காலமானார்.

இருவரிடமும் பொதுவாக இருப்பவை மூன்று. கலைக்கு அக்கம்பக்கமான ஒரு தொழிலைக் கையில் வைத்திருந்தார்கள். எந்த வேலை பார்த்தாலும் சொந்தக் கலைக்கென்று நேரம் ஒதுக்கினார்கள். ரயில் பாதையில் கீமேன் தன் தூரத்தைத் தினமும் நடந்து பார்ப்பான்; கோளாறு இருக்கிறதோ இல்லையோ, நடை நிற்காது. பயிற்சியும் அப்படித்தான். மூன்றாவது, தனியாக நில்லாமல் சக கலைஞர்களோடு சேர்ந்து நின்றார்கள்.

ஓவியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். சென்னை, கும்பகோணம் மட்டுமின்றி டில்லி, மும்பை, பரோடா, காசி, சாந்திநிகேதன் ஆகிய இடங்களிலும் உண்டு. பெரும்பாலும் நுழைவுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கும். ஆகவே மதிப்பெண் மட்டும் போதாது. துணி வடிவமைப்பு, மண்பாண்டம், அச்சுக்கலை, விளம்பரக்கலை என்று ஏதாவது ஒன்றையும் சேர்த்துக் கற்பது நல்லது. பட்டம் வாங்கியபின் வீட்டில் இடமில்லாதவர்களுக்கு லலித் கலா அகாதமியின் கூடங்கள் சில நகரங்களில் உள்ளன. டில்லியில் கடி என்ற இடத்தில் இருப்பது 1976-இல் தொடங்கியது.

அந்த அன்பருக்கு என் பதில் இதுதான்: படம் மட்டும் உடனே சோறு போடாது. படம் போடும் கை சோறு போடும். ஆனால் பத்து வருஷமாவது பொறுக்க வேண்டும். அதுவரை வீடு துணை நின்றால் போதும். நம் சங்கமும் அடுத்த பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளின் கைவேலைக்கு ஒரு மேசை போட்டுக் கொடுக்கலாம். முதல் பொருளை நானே வாங்கிக்கொள்கிறேன்.