நிறம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்கச் சிறு வணிகர்களும் வண்ண உளவியலும்

அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழர்கள் பலருக்கு, வாடிக்கையாளர் முதலில் காணும் கடை முகப்பு இன்று கைத்தொலைபேசித் திரைதான். நியூஜெர்சி எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலை, கலிஃபோர்னியாவின் சன்னிவேல், டெக்சாஸில் ஹூஸ்டன் நகரின் ஹில்க்ராஃப்ட் பகுதி என இந்தியக் கடைகள் நெருங்கியிருக்கும் இடங்களில், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களுக்கு எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிட்டது. இதற்கு விடையாக முன்வைக்கப்படுவது வண்ண உளவியல். அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

ஆதாரம் என்ன?

சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும் என்பன போன்ற பட்டியல்கள் பரவலாக உள்ளன. ஆனால் அவற்றுக்கான அறிவியல் ஆதாரம் வலுவானதல்ல. 1979ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டபோது, கைதிகளின் ஆவேசம் தணிந்ததாகக் கூறப்பட்டது. சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் அத்தகைய விளைவு காணப்படவில்லை.

பொருளுக்கும் நிறத்துக்கும் உள்ள பொருத்தமே முக்கியம் என்பதை பாட்டம்லி, டாயில் என்ற ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயன்பாட்டுக்காக வாங்கப்படும் பொருட்களுக்கு நீலமும், இன்பத்துக்காக வாங்கப்படுபவற்றுக்குச் சிவப்பும் பொருந்துவதாக மக்கள் கருதினர். அவ்வகையில், கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு ஏற்ற நிறம் இனிப்புக் கடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

ஃபேஸ்புக்கின் நீலத்துக்குக்கூடக் காரணம் உளவியல் அல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் தமக்குக் குறைபாடு உண்டு என்றும், நீலமே தமக்கு நன்றாகத் தெரியும் என்றும் அதன் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் 2010ல் கூறியிருந்தார்.

இரு பண்பாடுகள்

நிறத்தின் பொருள் பெருமளவு பழக்கத்தால் வருவது. அமெரிக்க மணமகளின் வெள்ளை உடை, தமிழ் மரபில் துக்கத்தை நினைவூட்டக்கூடும். நியூயார்க் பங்குச்சந்தையில் சிவப்பு இழப்பைக் குறிக்கும். சீனாவிலோ அது விலை உயர்வைக் குறிக்கும். கறுப்பும் சிவப்பும் கலந்த விளம்பரம் அமெரிக்கருக்கு நாகரிகமாகத் தோன்றலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு அது திமுக கொடியை நினைவூட்டலாம். ஆகவே வாடிக்கையாளர்கள் யார் என்பதை அறியாமல் நிறத்தை முடிவு செய்ய இயலாது.

சட்டத்தின் நிலை

நிறத்தையே வணிகச் சின்னமாக உரிமை கோர முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சலவையகங்களின் இஸ்திரி இயந்திரங்களுக்கான பச்சை கலந்த பொன்னிற மெத்தைகளை விற்ற குவாலிடெக்ஸ் நிறுவனம், அதே நிறத்தைப் பயன்படுத்திய ஜேக்கப்சன் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு அது. ஆனால் நிறத்தைப் பார்த்ததும் குறிப்பிட்ட நிறுவனம் மக்கள் நினைவுக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கு நீண்டகாலப் பயன்பாடும் விளம்பரமும் தேவை என்பதால், புதிய சிறு வணிகருக்கு இது எளிதல்ல.

மாறாக, பெருநிறுவனங்களின் எதிர்ப்பை அவர்கள் சந்திக்க நேரிடலாம். நியூயார்க்கைச் சேர்ந்த லெமனேட் என்ற இளம் காப்பீட்டு நிறுவனம் பயன்படுத்திய மெஜந்தா நிறத்தை எதிர்த்து, டி-மொபைலின் தாய் நிறுவனமான டாய்ச்ச டெலிகாம் 2019ல் ஜெர்மனியில் சட்ட நடவடிக்கை எடுத்தது. 2020ல் பிரான்ஸில் லெமனேடுக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. ஆனால் அத்தகைய போராட்டத்துக்கான செலவைத் தாங்கும் வசதி ஒரு மளிகைக் கடைக்கு இருக்காது.

எழுத்து தெரிகிறதா?

உளவியலைவிட உறுதியாகக் கூறக்கூடியது, எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதே. இணைய அணுகல் வழிகாட்டு விதிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. மங்கலம் கருதி நம்மவர்கள் விரும்பும் தூய சிவப்புப் பின்னணியில் தூய மஞ்சள் எழுத்து சுமார் 3.7 என்ற அளவையே எட்டுகிறது. சிவப்பைச் சற்று அடர்த்தியாக்கினால் இந்தக் குறை நீங்கிவிடும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாது என்பதால், தள்ளுபடி அறிவிப்புகளில் அவ்விரு நிறங்களை மட்டும் நம்புவதும் உகந்ததல்ல.

அக்கம்பக்கத்துக் கடைகள் பயன்படுத்தாத, தெளிவாகத் தெரியக்கூடிய ஒரு நிறத்தைத் தேர்ந்து, பெயர்ப்பலகை முதல் பொட்டலம் வரை பல ஆண்டுகள் மாற்றாமல் பயன்படுத்துவதே சிறு வணிகருக்கு மலிவான வழி. குவாலிடெக்ஸும் 1950களிலிருந்து தனது நிறத்தை மாற்றாமல் இருந்ததால்தான் அதற்கு உரிமை கோர முடிந்தது.