உங்களுக்குத் தெரியுமா? ஊவா மலையின் மாதா கோயில்களுக்குள்ளே

வெலிமடையில் இருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறினால், மரக்கறித் தோட்டமும் தேயிலை மலையும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் எங்காவது ஒரு மாதா கோயிலின் சிலுவை கண்ணில் படும். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு கடந்துவிடுகிறோம். இறங்கி உள்ளே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு சாமானும் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

★ சாதாரணக் கோயிலைப் பேராலயமாக்குவது ஒரு நாற்காலி. ஆயரின் ஆசனம் எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் அந்த மறைமாவட்டத்தின் பேராலயம். உயரமும் கோபுரமும் கணக்கில் இல்லை. 1972 டிசம்பர் 18 அன்று கண்டி மறைமாவட்டத்தில் இருந்து ஊவா தனியாகப் பிரிந்தது. பதுளை புனித மரியாள் கோயில் பேராலயமாயிற்று. 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார ஆண்டகை, வசதியான பழைய மறைமாவட்டத்தை விட்டு இந்தப் புதிய இடத்துக்கு முதல் ஆயராக வந்தார். பதுளை, மொனராகலை ஆகிய இரண்டு மாவட்டங்களும் இதற்குள் அடங்கும்.

★ கோயில் கட்டும் முன்பே பீடம் வந்துவிடலாம். பழைய ஒழுங்கின்படி, பூசை வைக்க ஆயர் அர்ச்சித்த கல் ஒன்று கட்டாயம் வேண்டும். பீடம் முழுவதும் கல்லாக இருக்க வேண்டியதில்லை. பூசைப் பாத்திரமும் அப்பத்தட்டும் வைக்கும் அளவுக்கு ஒரு சிறிய கற்பலகை போதும். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேல் ஐந்து சிறு சிலுவைகள் வெட்டியிருப்பது தெரியும்: நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்றாக நான்கு. கிறிஸ்துவின் ஐந்து காயங்களுக்கு அவை அடையாளம். கல்லில் ஒரு சின்னக் குழி தோண்டி, வேதசாட்சிகளின் திருப்பண்டத்தை அதற்குள் வைத்து மூடியிருப்பார்கள். இந்தக் கல்லைப் பெட்டியில் வைத்துச் சாமியார் எடுத்துப் போனால், பள்ளிக்கூட மேசையும் பீடமாகும், லயத்து வாசலில் போட்ட பலகையும் பீடமாகும். ஒரே சாமியார் பல தோட்டங்களைக் கவனிக்கிற மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பீடம் வேறு கிடையாது. உங்கள் கோயிலின் பழைய பீடத்தில் துணியை நீக்கிப் பாருங்கள். நடுவில் தனியாகப் பதித்த சதுரக் கல் ஒன்று தட்டுப்பட்டால், தயவுசெய்து அதைச் சீமெந்து பூசி மூடிவிடாதீர்கள்.

★ கோயிலை அர்ச்சிக்கும்போது திருப்பண்டம் வைக்க வேண்டும் என்று 787இல் இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. இன்றைய ஒழுங்கு இன்னும் இறுக்கமானது. திருப்பண்டத்தைப் பீடத்தின் மேற்பலகைக்குள் பதிக்கக் கூடாது, கீழேதான் வைக்கலாம். மனித உடலின் ஒரு பகுதி என்று பார்த்ததும் தெரிகிற அளவுக்கு அது பெரியதாகவும் இருக்க வேண்டும்.

★ ஊவாவில் திருப்பண்டம் பார்க்க வேண்டுமானால் ஹப்புத்தளைக்குப் போங்கள். அங்கே தங்கமலைச் சரணாலயத்தை ஒட்டி நிற்கும் அடிஷாம் பங்களாவின் சிற்றாலயத்தில், புனித சில்வெஸ்டரின் எலும்புத் துண்டு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. சில்வெஸ்டர் 1231இல் இத்தாலியின் மொந்தேபானோ மலையில் துறவுமடம் தொடங்கியவர். அவருடைய சபைத் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். பிறகு கண்டி மறைமாவட்டம் அவர்கள் பொறுப்பில் வந்தது. அப்போது ஊவாவும் கண்டிக்குள்தான் இருந்தது. ஆகவே இந்த மலைகளின் பழைய கோயில்களைப் பற்றிப் பேசும்போது இத்தாலியத் துறவிகளை விட்டுவிட்டுப் பேச முடியாது.

பங்களாவின் கதையும் சுவையானது. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயத் துரை 1931இல் தனக்காகக் கட்டி முடித்த வீடு அது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். கருங்கல் சுவர், கூரையில் ஓட்டுக்குப் பதில் பர்மா தேக்கின் மெல்லிய பலகைச் சீவல்கள். 1961இல் அதைத் துறவிகள் வாங்கினார்கள். துரையின் வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களோடு அப்படியே பேணப்படுகின்றன. வாங்கியவர்கள் இடித்துப் புதிதாகக் கட்டாமல் விட்டது பெரிய காரியம்.

★ சிலுவைப்பாதையில் படம் முக்கியமா, சிலுவை முக்கியமா? சிலுவைதான். சுவரில் இருக்கும் 14 நிலைகளில், சட்டத்தின் மேலே நாம் கவனிக்காமல் விடும் அந்தச் சின்ன மரச்சிலுவைதான் உண்மையான நிலை. ஆசீர்வாதம் அதற்குத்தான். படமும் புடைப்புச் சிற்பமும் பக்திக்கு உதவுபவை மட்டுமே. ஐரோப்பாவில் இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் இருந்த நிலைகளை 14 என்று 1731இல் உறுதி செய்தவர் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து. பழைய கண்ணாடிச் சட்டங்களை எடுத்துவிட்டுப் புதுப்படம் மாட்டும் பங்குகளில் மரச்சிலுவை குப்பையோடு போய்விடுவதுண்டு. படம் போனால் பாதகமில்லை, சிலுவையை மறக்காமல் எடுத்து வையுங்கள்.

★ நற்கருணைப் பேழைக்கு அருகில் அணையாமல் எரியும் விளக்கு சிவப்பாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எண்ணெயோ மெழுகோ எரிய வேண்டும், எப்போதும் எரிய வேண்டும் என்பதே ஒழுங்கு. சிவப்புக் கண்ணாடி வழக்கத்தால் வந்தது.

★ பாவசங்கீர்த்தனத் தொட்டி மிகப் பழைய சாமான் என்று நினைப்போம். ஆனால் 16ஆம் நூற்றாண்டு வரை சாமியார் கோயிலுக்குள் ஒரு நாற்காலியில் எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் முழந்தாளிட்டுச் சொல்வார்கள். நடுவில் கம்பித் தட்டி வைத்த தொட்டியைப் பரப்பியவர் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ. கோயிலின் கட்டடமும் சாமான்களும் எப்படி இருக்க வேண்டும் என்று 1577இல் ஒரு நூலே வெளியிட்டவர் அவர்.

★ கோயில் சுவர்களில் வட்டத்துக்குள் சிலுவை வரைந்தோ பதித்தோ இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 12 இருந்தால், ஆயர் அந்தச் சுவர்களில் கிறிஸ்மா தைலம் பூசி முறைப்படி அர்ச்சித்த கோயில் அது. வெறுமனே மந்திரித்துத் திறந்த கோயிலில் அவை இருக்காது.

★ லூர்து கெபி இல்லாத பங்கு நம் மலைகளில் அரிது. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் ஆதலால், சீமெந்தால் பாறை செய்ய வேண்டிய தேவையும் பல இடங்களில் இருப்பதில்லை. வெள்ளை அங்கி, நீல இடைக்கச்சை, கூப்பிய கை என்று நாம் வணங்கும் அந்த உருவத்தின் மூலச் சுரூபத்தை, லூர்து குகைக்காக பாபிஷ் என்ற பிரெஞ்சுச் சிற்பி வெள்ளைச் சலவைக்கல்லில் செய்தார். 1864இல் அதை அங்கே வைத்தார்கள். 1858இல் காட்சி கண்ட பெர்நதெத் அந்தச் சுரூபத்தைப் பார்த்துத் திருப்தி அடையவில்லை. தான் கண்ட மாதா அப்படி இல்லை என்றே சொன்னார்.

★ பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது அடித்த மணி, பாஸ்கா இரவில் அதே கீதம் வரும் வரை ஒலிக்காது. இடையில் கைப்பிடி வைத்த மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வெளியே வரும் அந்தக் கட்டையும் கோயில் சொத்துத்தான். பழைய பங்கில் இருந்தால் கறையான் அரிக்காத இடத்தில் வையுங்கள்.

★ சில இடங்களில் கோயிலைவிட உள்ளே இருக்கும் சுரூபத்துக்கு வயது அதிகம். நம் தோட்டங்களில் இருந்து ஆவணித் திருநாளுக்குப் போகிற மடு மாதா கோயிலே சாட்சி. ஒல்லாந்தர் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் மாந்தையில் இருந்து காட்டுக்குள் கொண்டுபோன சுரூபம் அது. கோயில் அதன் பின்னால் வந்தது. போர் நெருங்கிய 2008 ஏப்ரலில் சுரூபத்தை மீண்டும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது.

★ பதுளை நகரின் பழைய புனித மாற்கு கோயிலைக் கத்தோலிக்கக் கோயில் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அங்கிலிக்கன் சபையுடையது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்ற மேஜர் ரோஜர்ஸ் 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய கோயில் அது. உள்ளே இருக்கும் நினைவுப் பலகையில் இதைப் படிக்கலாம்.

★ பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. மலைநாட்டு ஈரத்தில் பிளாஸ்டர் சுரூபங்கள் உள்ளே தண்ணீரை இழுத்து ஊதிப்போகும், வர்ணம் செதில் செதிலாக உதிரும். திருநாள் நெருங்கும்போது எனாமல் பெயின்டை அடித்துவிடத் தோன்றும். எனாமல் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், அடுத்த மழைக்கு இன்னும் பெரிய துண்டாகப் பெயரும். முகத்தின் பழைய வேலைப்பாடும் போய்விடும், கண்ணும் உதடும் பொம்மைக் கண்ணும் உதடுமாகும். முதலில் கூரை ஒழுக்கையும் சுவர் ஈரத்தையும் நிறுத்துங்கள். பலா, தேக்குப் பீடங்களுக்குப் பெயின்டே வேண்டாம்.

★ 1964இல் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு தாள்கள் நம் கோயில்களை மாற்றின. செப்டெம்பர் 26 அன்று உரோமையில் வெளியான அறிவுரை, பெரிய பீடத்தைச் சுவரில் இருந்து பிரித்து வைப்பது நல்லது என்றது. சாமியார் சுற்றி வரவும், மக்களைப் பார்த்துப் பூசை வைக்கவும் அது வழி செய்தது. பல கோயில்களில் பழைய பீடம் பின்னால் தங்க, முன்னால் ஒரு மேசை வந்தது அப்படித்தான். ஒக்டோபர் 30 அன்று டில்லியில் கையெழுத்தானது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று அது பிரித்தது. சாமியார் மக்கள் பக்கம் திரும்பிய அதே காலத்தில், வாங்குகளில் இருந்து குடும்பம் குடும்பமாக எழுந்து போகத் தொடங்கினார்கள்.

★ பூசைச் சாமான்கள் வைக்கும் அறையின் அலுமாரியில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடு, வெள்ளிப் பாத்திரத்தைவிடப் பெறுமதியானது. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானப் பெற்றோர், பிறந்த இடமும் திகதியும், ஞானஸ்நானம் நடந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். எழுதி வைத்த வரலாறு குறைந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய பொக்கிஷம். இன்னொன்று: 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைத் திருமணச் சட்டத்தில் இருந்து, ஒருவர் எந்த நாட்டில் தாலி கட்டினாலும், அங்குள்ள பங்குச் சாமியார் அதை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும். பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊவாத் தோட்டமொன்றில் தலையில் தண்ணீர் வார்க்கப்பட்டு, ஒப்பந்தத்தில் கப்பலேறி, திருச்சியிலோ நீலகிரியிலோ கல்யாணம் முடித்த பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் இந்தக் குறிப்பு வந்து சேர்ந்திருக்க வேண்டும். உறவைத் தேடி இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய அலுமாரி இதுதான்.