விட்டுப்போன தவணை

காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு செல்வோர் பலர். கைக்குழந்தையும் உடன் செல்கிறது. தடுப்பூசி அட்டையோ வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஊர் திரும்பும்போது இரண்டு தவணைகள் தவறியிருக்கும். ‘நாள் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை’ என்றோ, ‘முதலிலிருந்து தொடங்க வேண்டும்’ என்றோ எண்ணிப் பெற்றோர் வராமலே இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முன்பு போட்ட ஊசியின் பயன் வீணாவதில்லை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுகிறது. முதல் ஊசியோடு நின்ற குழந்தை எட்டாம் மாதத்தில் வந்தால், அன்றே இரண்டாவதையும் நான்கு வாரம் கழித்து மூன்றாவதையும் போடுகிறோம். இடைப்பட்ட மாதங்களில் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்பதே உண்மையான இழப்பு. ஆயினும் எல்லா மருந்தும் காத்திருக்காது: பிசிஜி ஊசியையும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் முதல் தவணையையும் அரசுத் திட்டத்தில் ஒரு வயதுக்குள் பெற்றுவிட வேண்டும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது தட்டம்மை. நோயுற்றவர் அறையை விட்டு அகன்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி காற்றில் நிலைத்திருக்கும். தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் தகரக் கொட்டகைகளில் அது பரவச் சொல்ல வேண்டுமா? வாசலில் வேப்பிலை செருகுவதை நாங்கள் குறை கூறவில்லை. மருத்துவரிடம் வரத் தாமதிப்பதையே குறை கூறுகிறோம். தட்டம்மை–ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. வெளியூர் செல்வோர் தவறவிடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். கம்பியும் ஆணியும் கையாள்வோர் ரணஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டனர் என்று நினைவுகூர்வது நல்லது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னரே பெற வேண்டும். அது அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே கிடைக்கும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று.

தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். தேசியத் திட்டம் என்பதால் கர்நாடகத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். புறப்படுமுன் அட்டையின் இரு பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் தயங்காமல் வாருங்கள். முதலில் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேடுவோம். அங்கும் கிடைக்காவிடில், போடவில்லை எனக் கொண்டு வயதுக்குரியவற்றைப் போடுவதே நடைமுறை.