இசை வழங்கியை மாற்றினால் இசை இனிமை பெறுமா?

வீட்டிலிருந்தபடியே இசை கேட்பதற்கு மக்கள் கையாளும் சாதனங்கள் கடந்த நூறாண்டுகளில் பன்முறை மாறியுள்ளன. இசைத்தட்டும், ஒலிநாடாவும், 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லங்களில் இடம்பெற்றன. இப்பொழுது பல வீடுகளில் இவற்றுள் எதுவும் சுழல்வதில்லை. வீட்டின் ஒரு மூலையில் உள்ள சிறு கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தட்டுகளின் இசை சேமித்து வைக்கப்பட்டு, கம்பி வழியாகவோ கம்பியில்லா முறையிலோ மற்றோர் அறையில் உள்ள பிளேயருக்கு அனுப்பப்படுகிறது. இக் கம்ப்யூட்டருக்கு மியூசிக் சர்வர், அதாவது இசை வழங்கி, என்று பெயர்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றே இவ்வேலையைச் செய்யும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு பலகையும் போதும். இசைக்கென்றே அமைக்கப்பட்டு லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படும் வழங்கிகளும் உண்டு. பழையதை நீக்கி உயர்ந்த வழங்கியை அமர்த்தினால் இசை மேலும் தெளிவாக ஒலிக்கும் என்று இசையன்பர் பலர் கருதுகின்றனர். இக் கருத்தை நம்பி ஒரு குடும்பம் கணிசமான தொகையைச் செலவிடக்கூடும். ஆதலின், இதனை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

எண்களாக மாறிய இசை

காம்பாக்ட் டிஸ்க் முறையில் ஒலி அலையின் அளவு வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகள் கொண்ட எண்ணாகக் குறிக்கப்படுகிறது. பிட் என்பது 0, 1 ஆகிய இரண்டனுள் ஒன்று. இடம், வலம் ஆகிய இரு தடங்களுக்கும் சேர்த்து ஒரு வினாடி இசைக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபிளாக் என்னும் முறையில், ஓர் எண்கூட இழக்கப்படாமலேயே இவற்றை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கிவிடலாம்.

சாதாரண வீட்டுக் கம்பி வலைப்பின்னல் வினாடிக்கு 10 கோடி பிட்டுகளை ஏந்திச் செல்ல வல்லது. காம்பாக்ட் டிஸ்க் இசைக்கு இதில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூடத் தேவையில்லை. வினாடிக்கு 1,92,000 அளவுகளும், அளவொன்றுக்கு 24 பிட்டுகளும் கொண்ட மிக நுண்ணிய ஒலிப்பதிவுக்கும் வினாடிக்கு 92,16,000 பிட்டுகளே போதும். இதுவும் நூற்றில் பத்துப் பங்கை எட்டவில்லை. எனவே, நல்ல நிலையில் உள்ள எளிய கம்ப்யூட்டருக்கும் இசையை அனுப்புவது கடினமான பணியன்று.

வழியில் நேரும் பிழைகள்

அனுப்பப்படும் வேகம் போதுமானதாயினும், வழியில் எண்கள் கெட்டுவிடாவோ என்னும் ஐயம் எழலாம். ஈதர்நெட் எனப்படும் கம்பி வலைப்பின்னலில் தகவல்கள் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 1,500 பைட்டுகளுக்கு மேல் இருப்பதில்லை; 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒவ்வொரு பொட்டலத்தின் இறுதியிலும், அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்படுகிறது. பெறும் கருவி அக் கணக்கைத் தானும் செய்து பார்க்கிறது. விடை வேறுபட்டால் அப் பொட்டலம் தள்ளப்படுகிறது.

தள்ளப்பட்ட பொட்டலத்தை மீண்டும் அனுப்பச் செய்யும் ஏற்பாடு டி.சி.பி. என்பதாகும். இதற்கு அடிப்படையான கருத்துகளை அமெரிக்க விஞ்ஞானிகளான விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வெளியிட்டனர். வீட்டு இசை வழங்கிகளுள் பெரும்பாலானவை இம்முறையைக் கையாளுகின்றன. பிழைபட்ட எண் பிளேயரை அடைவது ஆகையால் மிக மிக அரிது. பொட்டலம் சரியாக வந்து சேரும், அல்லது காலந்தாழ்ந்து வரும். மிகவும் தாமதித்தால் இசை இடையில் நின்றுவிடும். குரலின் இனிமை சற்றுக் குறைவதோ, வீணையின் நாதம் மங்குவதோ இவ்வகைப் பிழையால் நேரக்கூடியவை அல்ல.

இசைத்தட்டுக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. தட்டைச் சுழற்றும் மோட்டாரின் நடுக்கமும் ஊசியின் தேய்மானமும் நேராக ஒலியில் கலந்தன. அங்கு ஒவ்வோர் உறுப்பையும் உயர்த்துவதால் உண்மையாகவே பயன் கிடைத்தது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் வழங்கியையும் மதிப்பிடுவது இயல்பே. ஆயினும், தட்டின் மேல் ஓடும் ஊசியைப் போன்று வழங்கி ஒலியைத் தொடுவதில்லை. எண்களை எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை.

தொட்டியும் குழாயும்

எண்கள் பழுதின்றி வந்தாலும், அவை உரிய கணத்தில் ஒலியாக மாற்றப்படுதல் வேண்டும். இதனை விளக்க, மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நல்ல உதாரணமாகும். கிணற்றுப் பம்பு விட்டு விட்டு இயங்குகிறது. எனினும் குளியலறைக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. தொட்டி காலியாகாதவரை, பம்பு பெரியதா சிறியதா என்பது குழாயடியில் நிற்பவருக்குத் தெரியாது.

பிளேயரிலும் இத்தகைய தொட்டி ஒன்று உண்டு. பஃபர் எனப்படும் நினைவகத்தில் சில வினாடிகளுக்கு வேண்டிய இசை முன்னதாகவே வந்து நிரம்புகிறது. அங்கிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுத்து மின் அலையாக மாற்றும் உறுப்புக்கு டாக் என்று பெயர். எந்தக் கணத்தில் எந்த எண்ணை எடுப்பது என்பதைப் பிளேயரின் பக்கத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகக் கடிகாரமே நிர்ணயிக்கிறது. வழங்கியின் கடிகாரத்துக்கு இதில் பங்கு இல்லை.

கடிகாரத்தின் சிறு தடுமாற்றத்துக்கு ஜிட்டர் என்று பெயர். இது காதுக்குப் புலப்படுமா என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற செவியினருக்கும் ஒழுங்கற்ற ஜிட்டர் பல நூறு நானோ வினாடி அளவை எட்டிய பின்னரே புலப்பட்டது. நானோ வினாடி என்பது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. நன்கு அமைக்கப்பட்ட டாக் கருவிகளில் இத் தடுமாற்றம் ஒரு நானோ வினாடிக்கும் குறைவாகவே காணப்படுகிறது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இசை ஒலித்துக் கொண்டிருக்கையில் வழங்கியின் வலைப்பின்னல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இசை உடனே நிற்பதில்லை. பஃபரில் உள்ளது தீரும்வரை தொடர்ந்து ஒலிக்கிறது. அவ்வேளையில் கேட்கும் இசையோடு வழங்கிக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. வழங்கியின் தரம் ஒலியைப் பாதிப்பது உண்மையானால், கம்பியைக் கழற்றிய கணத்தில் ஒலி மாறவேண்டும்.

செவியின் சாட்சி

இவ்வளவு விளக்கத்துக்குப் பின்னும், புதிய வழங்கியில் மாறுதலைத் தம் காதாலேயே கேட்டதாகக் கூறுவோர் உளர். அவர்கள் கூற்றைப் பொய்யெனத் தள்ளுதல் முறையாகாது. புதிய கருவியுடன் புதிய மென்பொருளும் வருகிறது. பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் ஏற்பாடு பழையதில் இயங்கி, புதியதில் இயங்காதிருக்கலாம். பழைய வழங்கி இசையைச் சுருக்கி, சில எண்களை இழந்த வடிவில் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். ஒலி சற்றே உரத்துக் கேட்பினும் அது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. இத்தகைய மாறுதல்கள் உண்மையானவையே. ஆயினும், பழைய வழங்கியிலேயே அமைப்பைத் திருத்தி, செலவின்றி அவற்றைப் பெற்றிருக்கலாம்.

எஞ்சியவற்றுக்கு, எது ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்கும் சோதனையே தகுந்த வழி. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகிய இருவர் 1950ஆம் ஆண்டிலேயே இதற்குரிய முறையொன்றை விவரித்தனர். 2007ஆம் ஆண்டில் மேயர், மோரன் என்போர் வெளியிட்ட சோதனையில், நுண்ணிய ஒலிப்பதிவு நேராகவும், காம்பாக்ட் டிஸ்க் தரத்துக்குக் குறைக்கப்பட்டும் ஒலிக்கச் செய்யப்பட்டது. 554 தடவைகளில் 276 தடவையே சரியான விடை கிடைத்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே அளவு கிடைத்திருக்கும். இத்தகைய பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ரைஸ் என்பவர் 2016ஆம் ஆண்டில் செய்த ஆய்வில், சரியான விடைகள் 100க்கு 52.3 என்று காணப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் இதனினும் மேம்பட்டனர். இச் சோதனைகளில் எண்களே மாற்றப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். எண்கள் மாறியபோதே வேறுபாடு இத்துணைச் சிறியதாயின், எண்களை மாற்றாத வழங்கியிடமிருந்து பெரிய மாறுதலை எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

வீட்டிலும் இத்தகைய சோதனை எளிதே. பழைய, புதிய வழங்கிகள் இரண்டையும் ஒரே வலைப்பின்னலில் இணைத்து, இரண்டிலும் ஒரே இசைக் கோப்பை வைத்து, ஒரே பிளேயரில் கேட்க வேண்டும். எதைப் பயன்படுத்துவது என்பதை மற்றொருவர், கேட்பவருக்குத் தெரியாமல், நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். இவ்வாறு 16 தடவை செய்து, 12 அல்லது அதற்கு மேற்பட்ட தடவை சரியாகக் கூறினால் அதனை மதிக்கலாம். குருட்டாம்போக்கில் கூறுவோருக்கு இது நேரும் வாய்ப்பு 100க்கு 4க்கும் குறைவு. புதிய வழங்கியைத் திருப்பித் தரக்கூடிய நிபந்தனையுடன் வாங்கினால் இச் சோதனையை இழப்பின்றிச் செய்யலாம்.

மாற்றம் தேவைப்படும் இடங்கள்

வழங்கியை மாற்றுவதால் பயன் கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரே நேரத்தில் பல அறைகளுக்கு வெவ்வேறு இசையை அனுப்புவதற்கும், அறையின் இயல்புக்கேற்ப ஒலியைத் திருத்தும் கணக்குகளைச் செய்வதற்கும், லட்சக்கணக்கான பாடல்களிடையே விரைவில் தேடுவதற்கும் வலிமையுள்ள கம்ப்யூட்டர் வேண்டும். வழங்கியே யு.எஸ்.பி. கம்பி மூலம் டாக் கருவியுடன் நேராக இணைக்கப்பட்டிருப்பின், அதன் மின்சார இரைச்சல் ஒலியில் கலந்து ஹும் என்ற ஓசை கேட்கலாம். வலைப்பின்னல் வழியே இணைக்கும்போது இத் தொல்லை பெரிதும் நீங்குகிறது. ஈதர்நெட் இணைப்பின் இரு முனைகளிலும் மின்சாரத் தொடர்பைப் பிரிக்கும் சிறு டிரான்ஸ்பார்மர்கள் உள்ளன. விசிறி ஓசையெழுப்பும் கம்ப்யூட்டரை மற்றோர் அறைக்கு மாற்றினாலே போதும்.

இசை அடிக்கடி நின்றுபோவதாயின், வழங்கியைக் குறை கூறுமுன் கம்பியில்லா இணைப்பைச் சோதித்தல் நலம். காங்கிரீட் சுவர்கள் ரேடியோ அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அதிர்வெண், 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா அலைவரிசைக்குள்ளேயே அமைந்துள்ளது. பிளேயர் வரை ஒரு கம்பியை இழுத்துவிட்டால் இக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வழங்கியின் பொருட்டுச் செய்யத்தக்க செலவு ஒன்று உண்டு. அது பாதுகாப்பைப் பற்றியது. ஹார்டு டிஸ்க் எதுவாயினும் ஒரு நாள் பழுதடையும். திடீர் மின்தடையும் அதிலுள்ள கோப்புகளைக் கெடுக்கக்கூடும். கடையில் வாங்கிய இசையை மீண்டும் வாங்கலாம். பாட்டனார் சேர்த்து வைத்த 78 சுழற்சித் தட்டுகளிலிருந்தும், வானொலிக் கச்சேரிகளைப் பதிந்த பழைய நாடாக்களிலிருந்தும் எண்ணாக மாற்றியவை அழிந்தால், அவற்றை மீட்பது இயலாது போகலாம். ஆதலின் இரண்டாவது பிரதி ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து வேறோர் இடத்தில் வைத்தலும், வழங்கிக்கு யு.பி.எஸ். பொருத்துதலும் அவசியமாகும்.

இசையின் இனிமையை உயர்த்த விரும்புவோர் ஒலிபெருக்கிகளையும் அறையையும் முதலில் கவனிக்க வேண்டும். ஒலி உண்மையில் மாறுதலடையும் இடங்கள் அவையே. வெறுஞ்சுவரும் வெறுந்தரையும் ஒலியை எதிரொலித்துக் குழப்புகின்றன. கனமான திரைச்சீலையும் ஜமக்காளமும் புத்தக அலமாரியும் அதனைத் தணிக்கின்றன. ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து சிறிது தள்ளி வைத்தாலே தாழ்ந்த ஸ்வரங்களின் தெளிவு மாறுவதைக் கேட்கலாம். இதற்கு மற்றொருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இராது.